இடிந்த வீடும் பத்தொன்பது கையெழுத்தும்

ஆளில்லாத வீடு ஒன்றை வாங்கப்போவதாக என் தங்கை சொன்னது பங்குனிக் கடைசி வியாழக்கிழமை, மாலை ஆறு இருபதுக்கு. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள். நேரத்தை ஊகித்து எழுதவில்லை. முப்பத்தாறு வருடமாக நாளுக்கு அரைப் பக்கம் டைரி எழுதுகிறேன். அன்றைய பக்கத்தில் பால் பொங்கி வழிந்ததும் இருக்கிறது. அவள் சொன்னதைக் கேட்டு அடுப்பை மறந்ததால் வழிந்த பால்.

"ஆளில்லாத வீடுன்னா?"

"ஆளுங்க விட்டுட்டுப் போன வீடு. ஆனேக்கல் பக்கம் நிறைய இருக்காம். தாத்தா கட்டினது, பேரனுங்க எல்லாம் இங்க ஃப்ளாட்ல. வாங்கி, கூரையைச் சரி பண்ணி, சனி ஞாயிறுல ஐ.டி. பசங்களுக்கு வாடகைக்கு விடப்போறேன். இன்வெஸ்ட்மென்ட்."

கடைசிச் சொல்லை அவள் சொன்ன விதத்தைப் பார்த்தால், காலையிலிருந்து அதைக் கடலைமிட்டாய் மாதிரி வாயில் ஒதுக்கி வைத்திருந்தது போலிருந்தது.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. விவேக் நகரில் ஒரு தனியார் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் கணக்கு டீச்சர். அந்த மாதத்தோடு வேலையை விடுகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்பவர்களிடம் "லீவு கிடைக்கல" என்பாள். இந்த நகரத்தில் ஒன்பது வாடகை வீடு பார்த்துவிட்டாள். பள்ளியிலிருந்து வரப்போவது ஒரே ஒரு மொத்தத் தொகை, பென்ஷன் கிடையாது. அந்தத் தொகைக்குப் பெங்களூரில் ஒரு குளியலறை வாங்கலாம், கதவுக்குத் தனியாகக் கடன் எடுக்க வேண்டும். ஆக, அதை எதில் போடுகிறாளோ அதுதான் இனிமேல் அவளுக்குச் சோறு போட வேண்டும். தப்பாகப் போட்டால் இன்னொரு முறை கிடையாது. இது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, அடுத்த மூன்று மாதமும் நாங்கள் தொட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

என் மனைவி கேட்டாள்: "இவளுக்குத்தான் பைத்தியம். உங்களுக்கு என்ன?"

நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பழைய காகிதம் என்றால் விடமாட்டேன். எங்கள் தெருவில் எந்தக் கடை எப்போது திறந்து எப்போது மூடியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், யாரும் கேட்காமலே. வீடு பார்க்கப் போனால் பத்திரம் பார்க்கலாம் என்பது எனக்கு ஆசை. அதை மனைவியிடம் சொல்லவில்லை. துணைக்குப் போகிறேன் என்றேன்.

தரகர் ஆனேக்கல்காரர். வார நாட்களில் பள்ளி வேன் ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வேனில் வீடு காட்டுவார். பின்சீட்டுகள் எல்லாம் ஒன்றாம் வகுப்புக்குப் போட்டவை. முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து போவோம். பின் கண்ணாடியில் 'குழந்தைகள் இருக்கிறார்கள், எச்சரிக்கை' என்று கன்னடத்தில் எழுதியிருந்தது.

"சரியாத்தான் எழுதியிருக்கு," என்றாள் தங்கை.

டீச்சர் என்று தெரிந்ததும் தரகர் அவளை 'மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார். வேன்காரர் வாயில் அதுதான் வரும். அவருக்கு எந்த வீட்டிலும் குறை தெரியாது. முதல் வீட்டில் சமையலறை நடுவே அரசமரம் வளர்ந்து கூரையைத் திறந்துகொண்டு போயிருந்தது. "ஆக்சிஜன், மிஸ்," என்றார். மூன்றாவது வீட்டுக்குள் நுழைந்தபோது ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆளில்லாத வீடுன்னீங்களே?"

"இவரு போயிடுவாரு, மிஸ்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "எங்க?" என்றார்.

ஆறாவது வீட்டில் படிக்கட்டு மட்டும்தான் இருந்தது. நல்ல கருங்கல் படிகள், ஏழு. ஏறினால் வானம். தங்கை ஏழாவது படியில் நின்று இல்லாத காலிங் பெல்லை அழுத்தினாள். தரகர் கீழே நின்றபடி, "மேல மூணு ரூம் வரும்," என்றார். திரும்பி வரும் பேருந்தில் அவள் அந்த மூன்று அறைக்கும் திரைச்சீலை நிறம் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. அறுபத்திரண்டு வயதில் அப்படி வலிப்பது நல்லதா என்று தெரியவில்லை. டைரியில் 'விலா வலி, காரணம் தங்கை' என்று எழுதினேன்.

பதினோராவது வீட்டை ஆனி இரண்டாம் ஞாயிறு பார்த்தோம். ஆனேக்கல் தாண்டி, எல்லைக்கு மிக அருகில் ஒரு கிராமம். வாசலில் நின்றால் கர்நாடகா. கொல்லைப்புறம் போனால் தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்று கைபேசி செய்தி அனுப்பும். உள்ளே நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் கல்தூண்கள். அந்தப் பக்கத்தில் இதைத் தொட்டி மனை என்பார்கள். மேற்குப் பக்க ஓடுகள் முழுவதும் சரிந்திருந்தன. ஓர் அறையில் வௌவால். முற்றத்தில் இடுப்பளவு எருக்கு.

தங்கை புடவைத் தலைப்பை இழுத்து, தூணிலிருந்து தூணுக்கு அளந்துகொண்டு போனாள். அவள் பின்னால் ஓர் ஓடு விழுந்து உடைந்தது. திரும்பிப் பார்க்காமல், "அண்ணா, இங்க நாலு கட்டில் போடலாம்," என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, பன்னிரண்டாவது வீட்டை நாங்கள் பார்க்கப்போவதில்லை என்று.

வீட்டுக்குச் சொந்தக்காரர் என்று தரகர் கூட்டிப்போனது ஆனேக்கல்லில் ராகி மில் நடத்துகிறவரிடம். வீட்டைக் கட்டியவரின் மூத்த மகனுடைய மகன். புருவம், காது மடல், சட்டைப் பை எல்லாம் மாவு. கை குலுக்கியதில் என் கையும் வெளுத்தது. பேரம் இருபது நிமிடத்தில் முடிந்தது. விற்றால் போதும் என்றிருந்தார் அவர். வாங்கினால் போதும் என்றிருந்தாள் இவள். ஒரே ஒரு தடை, மாதம்.

"ஆஷாடம் வந்துடுச்சு சார். இப்ப முன்பணம் கையில வாங்க மாட்டேன்," என்றார்.

கன்னடத்தார் நல்ல காரியம் எதுவும் தொடங்காத மாதம் அது. அவருடைய ஆஷாடம் அமாவாசைக்கு அமாவாசை போகும். எங்கள் ஆடி சூரியனைப் பார்த்து நடக்கும். அவருடையது முன்னால் தொடங்கி முன்னால் முடிகிறது. அது முடியும்போது எங்கள் ஆடி பாதியில் நிற்கிறது. இரண்டு பக்கத்துக்கும் மரியாதை கொடுத்ததில் ஒன்றரை மாதம் சும்மா கிடந்தது. அந்த ஒன்றரை மாதத்தில்தான் நான் காரியத்தைக் கெடுத்தேன்.

ஆனேக்கல்லில் ஒரு பெண் வழக்கறிஞரைப் பிடித்திருந்தோம். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். மில்காரர் தன் கையால் எழுதிக்கொடுத்த வம்சவிருட்சத்தை அவர் முன்னால் வைத்தேன். கர்நாடகத்தில் வீடு நிலம் விற்க இது வேண்டும். முதல் சொந்தக்காரரிலிருந்து இன்றைய வாரிசுகள்வரை கிளை கிளையாக எழுதிய தாள். அதில் காலமான இரண்டு மகன்கள், அவர்களுக்குப் பிறந்த ஐந்து பேர். மொத்தம் ஏழு பெயர்.

"பொண்ணுங்களே இல்லையா இந்தக் குடும்பத்துல?" என்றார் வழக்கறிஞர்.

மில்காரரிடம் கேட்டேன். "அதெல்லாம் கட்டிக்குடுத்தாச்சு சார். லேடீஸ் எதுக்கு இதுல?" என்றார். எத்தனை பேர் என்று கேட்டதற்கு, மாவுக் கையை ஆட்டி, "இருப்பாங்க ரெண்டு மூணு," என்றார்.

"ரெண்டா மூணான்னு தெரியாம கையெழுத்து வாங்கினா, நாளைக்கு மூணாவது ஆள் வந்து கேஸ் போடுவாங்க," என்றார் வழக்கறிஞர். "மிஸ்ஸோட பணம் போயிடும். கண்டுபிடிங்க."

கண்டுபிடிங்க என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னது பெரிய தவறு. தங்கையைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுச் சாவி தரகரிடம் இருந்தது. சாவி என்பது ஒரு பேச்சுக்கு. கதவைத் தூக்கி நகர்த்த வேண்டும். நெல் அறையில் உத்தரத்திலிருந்து ஒரு கொக்கிக் கம்பி தொங்கியதை முதல் நாளே பார்த்து வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் வரும் கடிதம், ரசீது, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் அதில் குத்திவைப்பார்கள். பூச்சி அரித்தது போக, கைமுழம் உயரத்துக்குக் காகிதம் மிச்சமிருந்தது. அத்தனையும் கல்யாணப் பத்திரிகைகள். கன்னடத்தில், தெலுங்கில், ஓசூர்ப் பக்கத்துச் சம்பந்தங்கள் தமிழில். ஆனேக்கல் தாலுகாவில் கல்யாணம் எந்த மொழியிலும் நடக்கும்.

ஆஷாடம் முழுக்க நான் அந்தப் பத்திரிகைகளோடு இருந்தேன். பலவற்றில் கம்பி சரியாகத் தேதியில் குத்தியிருந்தது. பஞ்சமி திதி, வியாழக்கிழமை, ரோகிணி நட்சத்திரம் என்று சுற்றியுள்ளவை மிச்சமிருந்தால் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி நாளைப் பிடித்துவிடலாம். ஒவ்வொன்றைப் பிடிக்கும்போதும் எழுந்து வீட்டுக்குள் ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன், அத்தனை சந்தோஷம். மனைவி சாப்பாட்டு மேஜையை மீட்கும் முயற்சியை இரண்டாம் வாரம் கைவிட்டாள்.

வீட்டைக் கட்டியவர் பெண்ணின் தகப்பனாராகக் கையெழுத்திட்டு அழைத்த பத்திரிகைகள் மூன்று. ஆக மூன்று பெண்கள். அவர்கள் பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகைகளும் கம்பியில் இருந்தன. அவற்றின் அடியில் ஊர்ப்பெயர், அச்சகப் பெயர். ஒரு ஊருக்குப் போன் போட்டால் இன்னொரு ஊர் கிடைக்கும். மூத்த பெண் காலமாகி ஆறு பிள்ளைகள். கடைசிப் பெண் காலமாகி ஏழு பிள்ளைகள். நடுப் பெண் எண்பத்து நான்கு வயதில் ஓசூரில் மகனோடு நலமாக இருந்தார். மகன் வழியில் ஐந்து பேர், மகள் வழியில் பதினான்கு பேர், பத்தொன்பது கையெழுத்து. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி, பேரன் பேத்தி மருமக்கள் வரை நாற்பத்து மூன்று பெயர்களோடு ஒரு வம்சவிருட்சம் வரைந்தேன். விரித்தால் கூடத்தில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போனது.

வழக்கறிஞர் அதைப் பார்த்துவிட்டு, "பத்தொன்பது பேர் போதும். மத்தவங்க எதுக்கு?" என்றார்.

எதுக்கு என்று எனக்கும் தெரியாது. நிறுத்த முடியவில்லை.

நிறுத்தாதது மட்டுமில்லை. நான் போனில் பேசிய விதமும் தப்பு. கையெழுத்துக்காக என்று சொல்லி வைத்திருக்கலாம். நான் என்ன செய்தேனென்றால், "உங்க அம்மா கல்யாணம் ஒரு வைகாசி வியாழக்கிழமை, காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள், அந்த முற்றத்தில நடந்தது, தெரியுமா?" என்று ஆரம்பிப்பேன்.  பிறகு, "இருங்க, எங்க அக்காவைக் கூப்பிடறேன்," என்பார்கள். இப்படி ஒருவர் இன்னொருவரை அழைத்து, ஆவணி பிறப்பதற்குள் வாட்ஸ்அப்பில் குழு தொடங்கிவிட்டார்கள். தொட்டி மனை என்று பெயர். என்னையும் சேர்த்தார்கள். காலை ஐந்தரைக்கு முதல் ரோஜாப்பூ வரும். இருபது வருடமாக ஒருவருக்கொருவர் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடாதவர்கள், இப்போது இட்லிக்கு ஊறப்போட்டதைத் தெரிவித்துக்கொண்டார்கள்.

தங்கை என் கைபேசியை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். வௌவால் அறையின் படத்துக்கு மட்டும் முப்பத்தோரு இதயங்கள்.

"அண்ணா, நான் வீடு வாங்கப் போனேன். நீ அந்த வீட்டை அவங்களுக்கே வாங்கிக் குடுத்துட்டே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று டீ குடிக்காமல் போனாள்.

நடுப் பெண்ணான ஓசூர் அம்மாவிடம் நேரில் போனோம். அவர் ஈஸி சேரில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன அவருடைய கல்யாணப் பத்திரிகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். தமிழும் கன்னடமும் அவருக்கு ஒன்றுதான், எந்த வாக்கியம் எதில் முடியும் என்று சொல்ல முடியாது.

"எனக்கு அந்த வீட்டுல பங்கு இருக்குதா?"

"இருக்குங்கம்மா. சட்டப்படி."

"இத்தனை வருஷமா ஒருத்தனும் சொல்லல. நீங்க வந்து பங்கு இருக்குன்னு சொல்றீங்க. சொன்ன வாய் மூடறதுக்குள்ள, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுன்னும் சொல்றீங்க." பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "கொஞ்ச நாள் நான் வெச்சுக்கறேனே."

நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.  "எத்தனை நாளும்மா?" என்று தங்கை கேட்டாள்.

"மாளய அமாவாசை வரைக்கும். அன்னிக்கு எங்க அப்பாவுக்கு அந்த வீட்டுல படையல் போடணும். எல்லாரையும் வரச்சொல்லு."

வாசலில் செருப்பு மாட்டும்போது தங்கை, "பணம் பேங்க்ல இருக்கு, வீடு பாட்டி இடுப்புல இருக்கு," என்றாள். பேருந்து நிலையம் வரும்வரை சிரித்தோம். ஆனால் முன்பணம் ஆவணி முதல் வாரமே கொடுத்தாகிவிட்டது. பத்தொன்பதில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் வாங்காதீர்கள் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார்.

மாளய அமாவாசை அன்று பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி, மாலூர் என்று திசைக்கு ஒன்றாகக் கார்களும் ஆட்டோக்களும் வந்தன. தரகர் தன் பள்ளி வேனில் இரண்டு நடை அடித்தார். நாங்கள் விடிவதற்கு முன்பே போய் எருக்கை வெட்டி, முற்றத்தைக் கழுவி வைத்திருந்தோம். விற்பவர்களுக்காக வாங்குகிறவள் வீட்டைப் பெருக்கிக் கொடுத்தது அந்தத் தாலுகாவில் அதுதான் முதல் தடவை என்றார் தரகர்.

மூதாதையருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது அங்கே வழக்கம். வீட்டைக் கட்டியவருக்குப் பிடித்தவை ஆட்டுக்கறிக் குழம்பு, ராகிக் களி, ஒரு கட்டு பீடி, கொஞ்சம் சாராயம். சாராயத்துக்குப் பதில் விஸ்கி வைக்கலாமா என்று பேரன்மார் கால் மணி நேரம் விவாதித்தார்கள். "அவர் காலத்துல இருந்திருந்தா குடிச்சிருப்பார்," என்று முடிவாயிற்று. நான் என் காலண்டர் விருட்சத்தைச் சுவரில் மாட்டியதும் எல்லோரும் அங்கே கூடிவிட்டார்கள். தன் பெயரில் விரலை வைத்து, கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போய், "அப்ப நீ எனக்கு மாமாவா?" என்று பக்கத்தில் நின்றவரை முறைத்தவர்கள் ஐந்தாறு பேர்.

கஷ்டம் பதினொரு மணிக்கு வந்தது. ஓசூர் அம்மாவின் பேத்தி, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் இளம்பெண், முற்றத்தின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஏன் விக்கணும்? நாமளே கூரை போட்டு வீக்கெண்டுக்கு வாடகைக்கு விடலாமே. இங்க நாலு கட்டில் போடலாம்."

அதே இடத்தில். என் தங்கை கையில் துடைப்பத்தோடு தூணருகே நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. அந்த ஆறு மாதத்தில் நான் பார்த்த சிரிக்காத முகம் அது ஒன்றுதான். பெண்ணின் யோசனையை முப்பது பேர் தலையாட்டி வரவேற்றார்கள்.  இந்த முப்பது பேரையும் தேடிப் பிடித்து, பேர் பேராகக் கூப்பிட்டு, இங்கே நிறுத்தியவன் நான். தங்கையின் இருபத்தெட்டு வருட வேலை என் பொழுதுபோக்கில் போய்க்கொண்டிருந்தது.

"நல்ல யோசனை," என்றார் மில்காரர். அன்று மாவில்லாமல் குளித்துவிட்டு வந்திருந்தார், பத்து வயது குறைந்து தெரிந்தார். "மூத்தவர் வழி நான். வீடு என் பேர்ல இருக்கட்டும். எல்லாரும் கூரைக்குப் போடுங்க. படையல் வருஷா வருஷம் நான் பாத்துக்கறேன்."

"கூரை எங்களது, இலை உங்களதா?" என்றார் மூத்த பெண் வழிக்காரர் ஒருவர்.

"படையல் மகன் வழிதானே போடணும்? நீங்க வாங்க, சாப்பிடுங்க. யாரு வேணாம்னது?"

"வந்து சாப்பிட்டுப் போக இது ஹோட்டலா?"

அங்கிருந்து அது எங்கெங்கோ போயிற்று. யாருடைய அம்மாவுக்கு எந்த அறை, யார் வெண்கல அண்டாவை எடுத்துப்போனது, யார் கல்யாணத்தில் யாருக்கு இலை போடவில்லை. வௌவால்கள் பகலிலேயே வெளியேறின. களி ஆறிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவர் அங்கேயே நின்றபடி விலகினார். நாற்பது கைபேசிகளும் ஒரே சமயத்தில் அதைத் தெரிவித்தன.

ஓசூர் அம்மா யாரையும் அதட்டவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, வாழையிலை ஒன்றை எடுத்து, முற்றத்துப் படியில் விரித்து, தண்ணீர் தெளித்தார்.

"அத்தே, நீங்க எதுக்கு," என்று மில்காரர் முன்னால் வந்தார்.

"இன்னிக்கு இது என் வீடும்தான். இந்த ஐயா சுவத்துல எழுதி மாட்டியிருக்கார், படிச்சுக்கோ." களியை உருட்டி வைத்தார். பீடிக் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து வைத்தார். பிறகு நிமிர்ந்து, மில்காரரைப் பார்க்காமல் தன் பேத்தியைப் பார்த்துச் சொன்னார்: "வீடு இவன்கிட்ட இருந்தா அடுத்த வருஷம் நான் விருந்தாளி. அக்கா பிள்ளைங்ககிட்ட இருந்தாலும் நான் விருந்தாளி. ஆனா அந்த மிஸ்கிட்ட இருந்தா, இவனும் விருந்தாளி."

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். மில்காரரே என்றுதான் நினைக்கிறேன். அதைச் சரியாகக் குறித்துக்கொள்ளவில்லை, அந்த இடத்தில் என் டைரி வெறுமையாக இருக்கிறது. பிறகு முற்றம் முழுக்கச் சிரித்தது. மூத்த பெண் வழிக்காரர், "அது ஞாயம், அது ஞாயம்," என்று கன்னடத்திலும் தமிழிலும் திரும்பத் திரும்பச் சொன்னார். நாற்பது பேரும் ஒரே சமயத்தில் என் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் துடைப்பத்தைத் தூணில் சாய்த்துவைத்தாள்.

"மிஸ், வருஷத்துல இந்த ஒரு நாள் நாங்க வருவோம். படையல் யார் வேணாலும் போடுவாங்க. ஒத்துக்கறியா?" என்றார் ஓசூர் அம்மா.

"அன்னிக்கு யாருக்கும் வாடகைக்கு விட மாட்டேன்," என்றாள் தங்கை.  உடனே வகுப்பறைக் குரலைக் கொண்டுவந்தாள். "ஆனா பாத்திரம் கழுவிட்டுத்தான் போகணும். ஒரு குடும்பமும் மிச்சமில்லாம."

"கழுவறோம் மிஸ்," என்றது கூட்டம்.

இளம்பெண் மட்டும் அருகில் வந்து, "நாலு கட்டில்னு நீங்களும் யோசிச்சிருந்தீங்களா ஆண்ட்டி?" என்று கேட்டாள். தங்கை தன் நோட்டை எடுத்துக் காட்டினாள். இரண்டு பேரும் கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்து, கழிவறையை எந்தப் பக்கம் கட்டுவது என்று அரை மணி நேரம் பேசினார்கள். கிழக்கு என்று இவள் சொன்னதை அந்தப் பெண் வடக்காக்கினாள். அவள் சொன்னதுதான் சரி.

இந்த அமாவாசை விஷயத்தைப் பத்திரத்தில் எழுதலாமா என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். "எழுதக்கூடாது. அவங்க பேரனுங்க அதைப் பிடிச்சுக்கிட்டு கோர்ட்டுக்கு வருவாங்க. வாய்ப்பேச்சா இருக்கட்டும்," என்றார். வாய்ப்பேச்சாகவே இருக்கிறது.

பதிவு ஐப்பசி முதல் புதன். பத்தொன்பது பேரும் வந்தார்கள், பட்டுப்புடவையும் இஸ்திரி வேட்டியுமாக. துணைக்கு வந்தவர்களையும் சேர்த்து சார்பதிவாளர் அலுவலக வராந்தா நிறைந்துவிட்டது. ஒரு வீடு விற்க இத்தனை பேரா என்று அங்கிருந்த பத்திர எழுத்தர் எட்டிப் பார்த்தார். ஒவ்வொருவராகக் கணினி முன் உட்கார்ந்து, விரல் ரேகை வைத்து, கேமராவைப் பார்த்தார்கள். பத்தொன்பது பேரும் பாஸ்போர்ட்டுக்குப் பிடிக்கிற மாதிரி விறைப்பாக இருந்தார்கள். ஓசூர் அம்மா மட்டும் கட்டைவிரலை வைப்பதற்கு முன், "ரெண்டு மாசம் வெச்சிருந்தேன்," என்று கணினிக்காரரிடம் சொன்னார். அவருக்கு என்ன புரிந்ததோ, "சரிம்மா," என்றார்.

கடைசியாக, "வாங்கறவங்க யாரெல்லாம்? உள்ள வாங்க," என்று கூப்பிட்டார்.

"நான் ஒருத்திதான்," என்றாள் தங்கை.

நாற்காலியில் உட்கார்ந்தாள். கேமராவைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம், சிரிக்காம பாருங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு உதட்டை அழுத்தினாள். தோள் குலுங்கியது. இரண்டாவது தடவையும் அப்படியே. வாசலில் எட்டிப் பார்த்த பத்தொன்பது பேரும் அவளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்க, மூன்றாவது தடவை அவளால் கண்ணைக்கூடத் திறக்க முடியவில்லை. கண்ணோரம் ஈரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் சார்," என்றாள். நான்காவது தடவையும் பல் தெரிந்தது. பின்னால் வரிசை நின்றது. கணினிக்காரர் பெருமூச்சு விட்டு அப்படியே பிடித்துவிட்டார்.

பத்திரம் கைக்கு வந்ததும் வராந்தாவில் வைத்தே பிரித்தோம். விற்றவர்கள் பத்தொன்பது முகம், கடைசியில் வாங்கியவள் முகம், வாய் திறந்து, தலை சாய்ந்து, லேசாக ஆடிப்போய்.

"இது செல்லுமா?" என்று வழக்கறிஞரிடம் நீட்டினேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பக்கத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஆள் தெரியுது இல்ல? செல்லும்," என்றார்.